சிலை உடுத்திருக்கும் துணியைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே குர்த்தாவும் சாறிச் சட்டையும் தைத்து விற்கிறேன். பொலன்னறுவை நடராசரைக் குர்த்தாவின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்துப் பார்த்தேன். உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் ரீ-சேர்ட் போல வந்துவிட்டது. பழைய கலையை இன்றைய உடுப்பில் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. நடராசர் சுற்றிவந்து பார்க்கச் செய்த உருவம். தட்டையாக்கி நெஞ்சில் போட்டால் அவரைச் சுற்றியுள்ள சுடர் வளையமான திருவாசி வட்டம்தான் மிஞ்சும். உடுத்தவர் அசைந்தால் அதுவும் கோணிவிடும். அதோடு, சாமி உருவங்களை உடுப்பில் போடவே வேண்டாம். உட்காரும்போது கசங்கும், தோய்க்கும்போது அடிபடும். நம்மவர்களுக்கே மனம் ஒப்பாது. புனிதச் சின்னம் போலத் தெரிகிற எதிலும் கவனம் தேவை: 2019 இல் ஹசலகவில் ஒரு பெண்ணின் உடுப்பிலிருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தைப் பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று சொல்லி அவரைக் கைது செய்தார்கள்.

சரி, எதை எடுப்பது? ஒரு நாள் காலையில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போங்கள். பொலன்னறுவைச் சிவாலயங்களை அண்டிக் கிடைத்த வெண்கலங்கள் அங்கே இருக்கின்றன. அம்மன் சிலையொன்றின் முன் நின்று முகத்தை ஆறுதலாகப் பாருங்கள். அப்புறம் இடுப்புக்குக் கீழே பாருங்கள். சோழ மரபு அம்மன் வெண்கலங்களில் துணி உடலோடு ஒட்டியே இருக்கும். அது துணி என்று நமக்குத் தெரிவதே மெல்லிய கீறல்களால்தான்: காலைச் சுற்றிவரும் கோடுகள், இடையிடையே சின்னப் பூக்கள், ஓரத்தில் விசிறி போல விரியும் கொசுவம். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கோடுகளுக்கு நடுவே சிற்பி சும்மா விட்டிருக்கும் இடம். அழகே அங்கேதான் இருக்கிறது. நம் உடுப்புகளில் அதைத்தான் முதலில் நிரப்பிவிடுகிறோம்.

பென்சிலும் வரைபுத்தாளும் கொண்டுபோய் ஒரு பூவையும் இரண்டு கோடுகளையும் மட்டும் வரைந்து வாருங்கள். கோட்டுக்கும் பூவுக்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதைப் பெரிதாக்கும்போது அந்த விகிதம் மாறக் கூடாது. குர்த்தாவின் கீழ்க்கரையில் ஒரு வரிசை போதும். உடல் முழுக்க வேண்டுமென்றால் பூக்களை நன்றாகத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பத்திக் இந்த வேலைக்குச் சரிவராது. மெழுகு வெடித்து மெல்லிய கோடு கலங்கிவிடும். ஸ்கிரீன் அச்சு அல்லது கைத்தையல் நல்லது. ஸ்கிரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்பதால் ஒரே நிறத்தில் தொடங்குங்கள். பொன்னிற மினுக்கம் வேண்டாம். மங்கிய வெண்கலத்தின் பழுப்பும் களிம்புப் பச்சையும் பருத்தியில் அருமையாக இருக்கும். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் பொலியெஸ்டரில் அந்த நிறங்கள் எடுபடாது. மருதமுனைக் கைத்தறி கிடைத்தால் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும்.

சாறிச் சட்டைக்கு இன்னொரு வழி இருக்கிறது. சிலையின் தோள்வளையைக் கவனியுங்கள். குட்டைக்கைச் சட்டையின் கை முடிவதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். வளையின் வேலைப்பாட்டைக் கையோரத்தில் ஒரே நிற நூலால் தைத்துவிட்டு, சட்டையின் மற்றப் பகுதியை வெறுமையாக விடுங்கள்.