வாசகர் கேள்வி – பதில்: முதல் பருவத்து புரோகிராமிங்

கேள்வி: முதலாண்டில் பைத்தான் பாடம். ஆசிரியர் எழுதிக் காட்டும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பதில்: எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்வது ஒரு திறமை. வெறுந்தாளில் தொடங்குவது வேறு திறமை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். கீபோர்டைத் தொடும் முன் பேனாவை எடுங்கள்.

ஒரு கணக்கு: லிஸ்ட்டில் உள்ள எண்களில் இரண்டாவது பெரியது எது? 7, 3, 9, 4 என்றால் விடை 7. நம் கண் பார்த்ததும் சொல்லிவிடும். நாம் எழுதும் லூப்போ ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் பார்க்கும். அதனால் நான்கையும் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்துவிடுங்கள். எதையெல்லாம் மனதில் வைத்திருந்தால் விடை சொல்ல முடிகிறது? இரண்டே எண்கள்: இதுவரை வந்ததில் 'பெரியது', அதற்கு 'அடுத்தது'. இவைதான் வேரியபிள்கள். சீட்டு திருப்பும் வேலைதான் லூப். பாதி நிரல் இப்போதே வந்துவிட்டது.

இனி விதி. புதிய எண் 'பெரியது'வைத் தாண்டினால், பழைய 'பெரியது' முதலில் 'அடுத்தது' இடத்துக்குப் போக வேண்டும். பிறகுதான் புதியது அதன் இடத்தில் அமர வேண்டும். தாண்டாவிட்டால், 'அடுத்தது' காலியாக இருக்கிறதா அல்லது அதைவிட இது பெரிதா என்று பார்த்து அங்கே வையுங்கள். பலர் தடுக்கி விழுவது அந்த முதல் இரண்டு வரிகளில்தான். வரிசையை மாற்றி எழுதினால் 9 வந்ததும் 'பெரியது' 9 ஆகிவிடும். அடுத்த வரி அதே 9ஐ 'அடுத்தது'க்கும் கொடுத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான விடை மட்டும் வரும். தாளில் மூன்று பத்தி போட்டு (வந்த எண், பெரியது, அடுத்தது) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரியிலேயே அகப்பட்டுவிடும்.

இரண்டையும் 0 என்று தொடங்காதீர்கள். -5, -2, -8 கொடுத்தால் லிஸ்ட்டிலேயே இல்லாத 0 விடையாக வரும். காலியாக, அதாவது 'நன்' (None, 'எதுவும் இல்லை') என்று தொடங்குங்கள். காலியா என்பதை ஒப்பிடும் முன் சோதியுங்கள். 9 இருமுறை வந்தால் விடை 9ஆ, 7ஆ என்பதைக் கேள்வி கொடுத்தவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அதை நிரல் தானாகத் தீர்மானிக்கக் கூடாது.

கேள்வி: பயனரிடம் இரண்டு எண் வாங்கிக் கூட்டினேன். 5ம் 3ம் சேர்ந்து 53 ஆகிறது!

பதில்: 'இன்புட்' எதைக் கொடுத்தாலும் எழுத்துச் சரமாகத்தான் தரும். சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒட்டவைக்கும். வாங்கிய இடத்திலேயே 'இன்ட்' கொண்டு எண்ணாக்குங்கள்.

கேள்வி: விளையாட்டுக்காக 3க்கு 3 கட்டப் பலகை செய்தேன். ஒரு கட்டத்தில் 1 போட்டால் மூன்று வரிசையிலும் 1 விழுகிறது.

பதில்: மூன்று பூச்சியம் உள்ள வரிசையை 3ஆல் பெருக்கிப் பலகை செய்திருப்பீர்கள். அங்கே உண்மையில் இருப்பது ஒரே வரிசைதான். பலகையின் மூன்று இடங்களும் அதையே சுட்டுகின்றன. ஒரு வீட்டுக்கு மூன்று வாசல் என்பது போல. காலி லிஸ்ட்டில் தொடங்கி, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் புதிய வரிசை ஒன்றை உருவாக்கி 'அப்பெண்ட்' செய்யுங்கள், அதாவது லிஸ்ட்டின் கடைசியில் சேருங்கள். வரிசைக்குள் பூச்சியத்தைப் பெருக்கியதில் தவறில்லை. எண்ணை உள்ளுக்குள் மாற்ற முடியாது, லிஸ்ட்டை மாற்ற முடியும். வேறுபாடு அவ்வளவே.

கேள்வி: 12ஆம் வரியில் பிழை என்கிறது. அந்த வரி சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: 11ஆம் வரியைப் பாருங்கள். அங்கே திறந்த அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருக்கலாம். மூடும் குறியைத் தேடிப் பைத்தான் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பொருந்தாத ஒன்றைச் சந்திக்கும் இடத்தில்தான் கத்துகிறது. 3.10 பதிப்பிலிருந்து, மூடப்படாத குறி இருக்கும் இடத்தையே சுட்டிக்காட்டும். பழைய பதிப்பு வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.