ஆனைமுடியைச் சுற்றி ஒரு வாரம்: வாசகர் கேள்வி – பதில்

ஆனைமுடிச் சிகரம் இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்கா, மூணாறு, வால்பாறை பக்கம் காரில் போய்வரத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கோவையிலிருந்து நான்கு பேர் சொந்தக் காரில் கிளம்புகிறோம். இரவிகுளத்தை நடுவில் வைத்து, போன வழியே திரும்பாமல் ஏழு நாளில் ஒரு சுற்று வர முடியுமா? (வாசகர், திருப்பூர்)

தாராளமாக வரலாம். கோவை, பொள்ளாச்சி, வால்பாறை, மலக்கப்பாறை, அதிரப்பள்ளி, மூணாறு, மறையூர், உடுமலை, கோவை. இந்த வரிசையிலேயே போங்கள். சாலைத் தூரம் 500 கி.மீ.க்குள்தான். அங்கங்கே சுற்றுவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். கிலோமீட்டரைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் மணிக்கு 20 முதல் 25 கி.மீ. போனாலே நல்ல வேகம். அதைவிட முக்கியம், வழியில் இருக்கும் வனத்துறைச் சோதனைச்சாவடிகள் மாலையில் மூடிவிடும் என்பது. அன்றன்றைய திட்டத்தைச் சாவடி நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

சனிக்கிழமை கிளம்புங்கள். சனி, ஞாயிறு இரண்டு இரவும் வால்பாறை. வார இறுதிக் கூட்டம் வால்பாறையிலும் உண்டுதான், ஆனால் மூணாறு அளவுக்கு இராது. 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். கிளம்பும் முன் எடுத்து, போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஆழியாறு சாவடியில் நின்றுகொண்டு ஓ.டி.பி.க்குக் காத்திருந்தால் பின்னால் வரிசை நீளும், சிக்னலும் சதி செய்யும்.

திங்கள் காலை 8 மணிக்குள் மழுக்குப்பாறை சாவடியில் இருங்கள். அதைத் தாண்டினால் கேரளாவின் மலக்கப்பாறை. அங்கே வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார்கள், பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணுவார்கள். மறுமுனை வாழச்சால் சாவடியில் சரிபார்ப்பார்கள். இடையில் சுமார் 50 கி.மீ. அடர்ந்த காடு. பங்க் கிடையாது, சிக்னலை எதிர்பார்க்காதீர்கள், பிற்பகலுக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். இந்தச் சுற்றிலேயே அழகான நாள் இதுதான் என்பது எங்கள் கட்சி. அன்றிரவு அதிரப்பள்ளியில் தங்குங்கள்.

செவ்வாய், பெரும்பாவூர், கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி வழியாக மூணாறு. நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் மலை தொடங்கும். சீயப்பாறை அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. அதைப் பார்க்க வண்டிகள் கண்டபடி நிற்பதால் அங்கே எப்போதும் நெரிசல். மொத்தம் ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

புதன் மாட்டுப்பெட்டி, டாப் ஸ்டேஷன், நேரமிருந்தால் வட்டவடை. டாப் ஸ்டேஷன் மூணாறிலிருந்து 32 கி.மீ. பத்து மணிக்கு மேல் போனால் மேகம் ஏறிவிடும், வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆறரைக்குக் கிளம்புங்கள்.

வியாழன்தான் இரவிகுளம். பூங்காவின் நுழைவிடம் மூணாறு–மறையூர் சாலையிலேயே, ஐந்தாம் மைலில் இருக்கிறது. பூங்காவுக்குப் போய்விட்டு மறுபடி மூணாறுக்கே வந்து தங்குபவர்கள் அதே நெரிசலில் இரண்டு முறை மாட்டுகிறார்கள். காலை ஏழு மணிக்கே அறையைக் காலி செய்து, பெட்டிகளோடு கிளம்பி, பூங்காவை முடித்து, அப்படியே மறையூருக்கு இறங்கிவிடுங்கள். மூணாறிலிருந்து மறையூர் 40 கி.மீ. வெள்ளி காலை மறையூரின் முனியறைகளை (பழங்காலக் கல் ஈமச்சின்னங்கள்) பார்த்துவிட்டு, சின்னாறு காடு வழியாக உடுமலை. இந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. மாலை 6 மணிக்குச் சாவடி மூடும் என்று வைத்துக்கொண்டு நான்கு மணிக்குள் காட்டுப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். சனி, ஞாயிறு வீட்டில் ஓய்வு.

கேள்வி: வரைபடத்தில் வால்பாறையும் மூணாறும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நேர்வழி இல்லையா? கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு போகலாம் என்றும் சொல்கிறார்களே? (வாசகர், மதுரை)

இரண்டுமே நடக்காது. வால்பாறைக்கும் இரவிகுளத்துக்கும் இடையில் இருப்பது கிராஸ் ஹில்ஸ் எனப்படும் புல்வெளிக் காடு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உள்பகுதி அது. சாலையும் இல்லை, அனுமதியும் இல்லை. வால்பாறையிலிருந்து மூணாறுக்கு மேலே சொன்னபடி அதிரப்பள்ளி வழியாகச் சுற்ற வேண்டும். அல்லது பொள்ளாச்சிக்கு இறங்கி, உடுமலை போய், மறுபடி ஏற வேண்டும்.

பேரிஜம்–டாப் ஸ்டேஷன் பாதை ஒருகாலத்தில் இருந்தது உண்மை. இப்போது பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுவிட்டது. கொடைக்கானலிலிருந்து வருபவர்கள் தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை வழியாகத்தான் மூணாறு வர வேண்டும். போடியிலிருந்து மூணாறு சுமார் 68 கி.மீ., போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பூப்பாறையை அடுத்து வரும் கேப் ரோடு மலையை வெட்டி அகலப்படுத்தியது. கனமழையில் பாறை உருளும். மழை நாளில் கிளம்பும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? பிப்ரவரியில்தான் எங்களுக்கு விடுமுறை கிடைக்கும். (வாசகி, ஈரோடு)

பிப்ரவரி என்றால் இரவிகுளத்தை மறந்துவிடுங்கள். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாக பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை பூங்காவை மூடிவிடுவார்கள். தேதியை ஆண்டுதோறும் வனத்துறை அறிவிக்கும். ஆனால் வரையாட்டைப் பார்க்க இரவிகுளம்தான் போக வேண்டும் என்றில்லை. ஆழியாறு–வால்பாறை சாலையின் பாறைச் சரிவுகளில், குறிப்பாக ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவின் காட்சிமுனைப் பக்கம், காலையில் மேய்வதைப் பார்க்கலாம். சாலைத் தடுப்புச் சுவர் மேலேயே ஏறி நிற்கும். கையில் எதையும் நீட்டாதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தச் சுற்று வேண்டாம். தென்மேற்குப் பருவமழை நேராக மோதுகிற முகப்பு இது. இரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வரிசை வீடுகளை மூடி 70 பேர் இறந்தார்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று கிளம்பாதீர்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவுகளில், போடிமெட்டுப் பக்கம் தொல்லை தரும்.

எங்கள் தேர்வு: பொங்கல் விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு ஜனவரி கடைசி வாரம். அது முடியாவிட்டால் ஏப்ரல் முதல் பாதி. ஜனவரியில் மூணாறின் மேட்டுத் தோட்டங்களில் விடியற்காலை உறைபனி விழும். ஸ்வெட்டர் போதாது, காதை மூடும் குல்லாவும் வேண்டும்.

கேள்வி: எங்களுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஐந்து பேர் ஏறினால் மலை ஏறுமா? இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும் என்கிறார்களே? (வாசகர், நாமக்கல்)

ஏறும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கவனம் வேண்டும்.

ஏறும்போது கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றாதீர்கள். வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். நடுவளைவில் இரண்டாவதில் திணறி, கிளட்சை அரை மிதியில் வைத்துச் சமாளிப்பவர்களின் கிளட்ச் பிளேட்தான் கருகும். எதிரே பேருந்து வந்தால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள், அதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சட்டமே.

இறங்கும்போது, எந்த கியரில் ஏறியிருப்பீர்களோ அதே கியர். ஆழியாறு சாலையின் 40 வளைவுகளுக்கும் பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். எஞ்சின் இரைகிறதே என்று நியூட்ரல் போட்டால் மொத்தச் சுமையும் பிரேக் தலையில் விழும். பெடலில் லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்குவதும் தப்பு. அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

கருகல் வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, அகலமான இடத்தில் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும். பெடல் ஆழமாகப் போவதற்கு முக்கியக் காரணம் பழைய பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும், குமிழியை அழுத்தினால் பிரேக்குக்கு விசை போகாது. இரண்டு வருடத்துக்கு மேலான ஆயிலை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். பிரேக் பேடு 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அதையும் மாற்றுங்கள். டயர் காற்று, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குச் சொன்ன அளவு. ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். பலர் அதைப் பார்ப்பது பங்க்சர் ஆன பிறகுதான்.

ஏ.எம்.டி. (கிளட்ச் மிதி இல்லாத தானியங்கி கியர்) கார் என்றால் இறக்கத்தில் மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவதில் நிறுத்துங்கள். டி.சி.டி. (இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்) கார் என்றால் ஏற்றத்து நெரிசலில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், கிளட்ச் சூடாகி எச்சரிக்கை விளக்கு வந்துவிடும். பிரேக்கில் நில்லுங்கள், முன்னால் இடம் விட்டதும் ஒரே மூச்சில் நகருங்கள்.

கேள்வி: மின்சாரக் கார் தாங்குமா? (வாசகர், சென்னை)

ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் ஏற, சமதளத்தில் அந்தத் தூரத்துக்கு ஆகும் செலவுக்கு மேல் சுமார் 5 யூனிட் கூடுதலாகப் பிடிக்கும். உடுமலையிலிருந்து மூணாறு ஏறினால் 6 யூனிட் என்று கணக்கு வையுங்கள். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும். ஒரு சூட்சுமம்: மேலே இருக்கும்போது பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் மின்சாரம் திரும்ப ஏற இடமில்லாததால், மோட்டாரால் வேகத்தைப் பிடிக்கும் ஏற்பாடு வேலை செய்யாது, எல்லாம் சாதாரண பிரேக்கின் மேல் விழும். 85 போதும். வால்பாறை–அதிரப்பள்ளி நாளுக்கு மட்டும் முதல்நாள் இரவே தங்குமிடத்தில் சார்ஜ் வசதியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வழியில் யானை வந்தால்? (வாசகி, கரூர்)

குறைந்தது நூறு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன், ஹை பீம், இறங்கிப் படம் பிடிப்பது மூன்றும் கூடாது. எஞ்சினை அணைக்காதீர்கள். யானை உங்களை நோக்கி நடந்தால் மெல்ல ரிவர்ஸ். அதனால்தான் பின்னால் வரும் வண்டி உங்கள் பம்பரை ஒட்டி நிற்க விடக்கூடாது. அது சாலையோரம் மேய்கிறது, ஓரமாக நழுவிவிடலாம் என்று தோன்றும்; வேண்டாம். குட்டி எதிர்ப்புறப் புதரில் இருந்தால் நீங்கள் இரண்டுக்கும் நடுவில் போய் மாட்டுவீர்கள்.

வால்பாறைத் தோட்டங்களில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருக்கிறது என்று பொருள். இருட்டிய பின் தோட்டச் சாலைகளில் காலாற நடக்க வேண்டாம், அங்கே சிறுத்தை நடமாட்டமும் உண்டு. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். 20-க்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: இரவிகுளத்தில் 70 வயது அப்பாவால் நடக்க முடியுமா? ஆனைமுடி ஏறலாமா? (வாசகர், சேலம்)

அப்பாவால் முடியும். ஐந்தாம் மைலிலிருந்து வனத்துறைப் பேருந்தில்தான் ராஜமலைக்கு ஏற்றிச் செல்வார்கள், சொந்த வண்டி உள்ளே போகாது. இறக்கிவிடும் இடத்திலிருந்து தார்ச்சாலையிலேயே ஏறுநடை. வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். வரையாடுகள் அந்தச் சாலையோரத்துக்கே வரும். நுழைவுச்சீட்டை இணையத்தில் முதல் நேரத்துக்கு எடுங்கள். நேரில் போய் வரிசையில் நின்றால் பாதி நாள் போகும்.

2,695 மீட்டர் ஆனைமுடியைக் கீழிருந்து பார்க்கலாம், ஏற விட மாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைப் பார்க்க வேண்டுமென்றால் 2006, 2018-க்கு அடுத்து 2030 வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: பிள்ளைக்கு மலை ஏறினாலே வாந்தி. என்ன செய்வது? (வாசகி, தஞ்சாவூர்)

வெறும் வயிறும் கூடாது, பூரி, பொங்கல் போல எண்ணெய் நெய்யும் கூடாது. இரண்டு இட்லியோடு கிளம்புங்கள். போனைப் பிடுங்கி வையுங்கள், வளைவில் திரையைப் பார்ப்பதுதான் குமட்டலுக்குப் பாதிக் காரணம். பின்சீட்டின் நடுவில், எதிரே சாலை தெரியும்படி, பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். அவோமின் போன்ற மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். பிள்ளைக்கு அளவை மருத்துவரிடம் கேளுங்கள், இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. தூக்கம் வரும் மாத்திரை அது. வண்டி ஓட்டுபவர் தொடக்கூடாது.

கேள்வி: செல்ஃப் டிரைவ் கார் வாடகைக்கு எடுத்துப் போகலாமா? (வாசகர், திருச்சி)

போகலாம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது வாடகை வண்டி, மாநில எல்லை தாண்ட அகில இந்திய பர்மிட் வேண்டும். இந்தச் சுற்றில் கேரளாவுக்குள் போய்த் திரும்புகிறீர்கள். வண்டியை எடுக்கும்போதே பர்மிட், காப்பீடு, மாசுச் சான்று மூன்றின் காலாவதித் தேதியையும் பாருங்கள். நண்பரின் வெள்ளைப் பலகை (சொந்த உபயோக) காரை வாடகை பேசி எடுத்தீர்களானால், விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.