கேளுங்கள், சொல்கிறேன்: எருமைக்குச் சேறு, நாய்க்கு ஷாம்பூ, சுறாவுக்கு உடம்பெல்லாம் பல்

போன இதழில் மாட்டு உண்ணி பற்றி எழுதியதும் தோல் சம்பந்தமாகவே கடிதங்கள் குவிந்துவிட்டன, அதிலும் பாதிக்கு மேல் நம்ம குமரி மாவட்டத்திலிருந்து. அதனால் இந்த முறை முழுக்கத் தோலும் அதிலுள்ள சுரப்பிகளும்தான்.

எங்கள் வீட்டில் ஒரு எருமையும் ஒரு ஜெர்சி கலப்புப் பசுவும் இருக்கின்றன. எருமையை அவிழ்த்துவிட்டால் நேரே குளத்துக்குப் போய்ச் சேற்றில் படுத்துவிடும், பசு அந்தப் பக்கமே போகாது. சேற்றில் படுத்தால் நோய் வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் எருமையைக் கட்டியே போட்டிருக்கிறோம். சரிதானா?
– ஒரு வாசகர், குலசேகரம்

சரியில்லை. இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் வெயில் ஏறும் நேரத்தில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள்.

காரணம் தோலில் இருக்கிறது. எந்த மாட்டின் தோலை எடுத்தாலும் மேலே மெல்லிய மேல்தோல், அதில் ரத்தக் குழாய் கிடையாது, அதன் வெளிப்பக்கம் செத்த செல்கள் கெரட்டின் என்ற புரதத்தால் இறுகி அடுக்கடுக்காக இருக்கும். அதற்குக் கீழே தடிமனான உள்தோல். ரத்தக் குழாய், நரம்பு, மயிர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. (செருப்பும் பையும் செய்கிற தோல் என்பது இந்த உள்தோல்தான், அதிலுள்ள கொலாஜன் நாரைப் பதப்படுத்தித்தான் தோல் ஆக்குகிறார்கள்.) அதற்கும் அடியில் கொழுப்பு.

மாட்டுக்கு ஒவ்வொரு மயிருடனும் ஒரு வியர்வைச் சுரப்பி ஒட்டியிருக்கும். எருமைக்கு மயிரே அங்கொன்றும் இங்கொன்றும்தானே, அதனால் வியர்வைச் சுரப்பியும் மிகக் குறைவு. தோல் கறுப்பு, வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். மேல்தோலும் பசுவைவிடத் தடிமன். வியர்த்துச் சூட்டை இறக்க வழியில்லாத பிராணி வேறு என்ன செய்யும்? தண்ணீரைத் தேடிப் போகும். தண்ணீரைவிடச் சேறு அதற்கு இன்னும் நல்லது, ஏனென்றால் தோலில் அப்பிய சேறு மெதுவாகக் காயும், காய்கிற நேரமெல்லாம் சூட்டை இழுக்கும், கூடவே ஈயும் கொசுவும் கடிக்காமல் ஒரு பூச்சாக நிற்கும். சூடு தாங்காத எருமை தீனி குறைக்கும், பால் குறையும், கோடையில் சினைக்கு வந்தாலும் வெளியே தெரியாமல் ஊமையாகவே போய்விடும். சினை பிடிக்கவில்லை என்று ஊசிக்கு மேல் ஊசி போடுகிற பல வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது எருமை நனைகிறதா என்பதைத்தான்.

உங்கள் பசு சேற்றைத் தேடாததற்குக் காரணம் அதற்கு வியர்க்கும் என்பதே. நம்ம நாட்டு மாட்டுக்கு வியர்வைச் சுரப்பி பெரியதாகவும் நெருக்கமாகவும் இருக்கும், அலைதாடியும் தொங்கு தோலும் சேர்ந்து சூடு வெளியேற இடமும் அதிகம். ஜெர்சி கலப்பு இதில் நடுத்தரம். ஆனால் வியர்வை வந்தால் மட்டும் போதாது, அது காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடி ஓயாமல் சுற்றுகிற இடத்தில் கட்டிய பசுவுக்கும், குலசேகரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே காற்றே அசையாத ஈரப் புழுக்கத்தில் கட்டிய அதே இனப் பசுவுக்கும் நிறைய வித்தியாசம். உங்கள் ஊரில் பசு நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தால் வியர்வை வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அதற்கும் தண்ணீர் தெளியுங்கள், தொழுவத்தின் பக்கச் சுவரைத் திறந்துவிடுங்கள், முடிந்தால் ஒரு மின்விசிறி.

இனி பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. அதிலும் உண்மை இருக்கிறது. கறந்து முடித்த பிறகு காம்பின் துவாரம் உடனே மூடாது, அரை மணி நேரமாவது திறந்திருக்கும், அந்த நேரத்தில் சேற்றில் படுத்தால் மடி நோய் வர வழி. கறந்ததும் தீனி வையுங்கள், தின்றபடி நின்றுகொண்டே இருக்கட்டும், அப்புறம் குளத்துக்கு விடுங்கள். நத்தை நிறைந்த, பாசி பிடித்த தேங்கிய குட்டையாக இருந்தால் தட்டைப்புழு வரும், அந்தத் தண்ணீரைத் தவிர்த்து வீட்டிலேயே குழாய்த் தண்ணீரை அடியுங்கள்.

எங்கள் லேப்ரடாரை நாங்கள் போடும் ஷாம்பூவையே போட்டு வாரம் இரண்டு தடவை குளிப்பாட்டுகிறோம். ஆனாலும் நாற்றம் போகவில்லை, பொடுகு மாதிரி உதிர்கிறது, எப்போதும் சொறிகிறது. நல்ல ஷாம்பூ எது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

முதலில் குளிப்பாட்டுவதைக் குறையுங்கள் அம்மா. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. அதைக் காப்பதே மயிர்க்காலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருகிற மெழுகு போன்ற எண்ணெய்தான். நம்ம தோல் கொஞ்சம் அமிலத் தன்மையுள்ளது, நாயின் தோல் அப்படியில்லை, நடுநிலைக்குப் பக்கத்தில் நிற்கும். நமக்காகச் செய்த ஷாம்பூவை வாரம் இரண்டு முறை போட்டால் அந்த எண்ணெய் முழுக்கப் போய், தோல் வறண்டு உதிர்ந்து, அரிப்பு எடுத்து, நாய் சொறிந்த புண்ணில் கிருமி சேரும். நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது, நீங்கள் அதற்கு மறுபடியும் ஷாம்பூ போடுகிறீர்கள். நாய்க்கென்றே விற்கிற மென்மையான ஷாம்பூவை மாதம் ஒரு முறை போட்டால் போதும். நம்ம ஊர் ஈரத்தில் அதைவிட முக்கியம் துவட்டுவது, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் அக்குளிலும் ஈரம் நின்றால் ஒருவகைப் பூஞ்சை பெருகி ஒரு புளித்த வாடை அடிக்கும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நீர் போன்ற வியர்வை வருவது பாதத்தின் அடிப்பகுதியில்தான், வெயிலில் நடந்துவந்த நாய் டைல்ஸ் தரையில் ஈரக்கால் தடம் பதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டை இறக்குவது பெரும்பாலும் மூச்சு இளைப்பதால்தான், அதனால் பூட்டிய காருக்குள் பத்து நிமிடம்கூட விட்டுவிடாதீர்கள்.

மீன் நாற்றம் போல ஒரு வீச்சம் திடீரென்று அடித்து, நாய் தரையில் பின்பக்கத்தைத் தேய்த்து இழுத்தால் அது வேறு விஷயம். ஆசனவாயின் இரண்டு பக்கமும் உள்ள வாசனைப் பைகள் அடைத்திருக்கும். நீங்களே அமுக்கிப் பார்க்க வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேட்காவிட்டாலும். சொறி பிடித்த நாய்க்கு மண்ணெண்ணெயும் ஒர்க்‌ஷாப் கழிவு ஆயிலும் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது தோலைப் பொசுக்கும், தோல் வழியாக உள்ளே போகும், நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். சொறிப்பூச்சிக்கு இப்போது மாத்திரையே இருக்கிறது.

சாளையிலும் அயலையிலும் செதில் இருக்கிறது, வாளைக்குச் செதிலே இல்லை, சுறா மணல்தாள் மாதிரி இருக்கிறது. ஏன் இப்படி? வழுவழுப்பாக இருந்தால் பழைய மீன் என்று அர்த்தமா?
– ஒரு வாசகி, குளச்சல்

குளச்சல்காரர்களுக்கு மீனைப் பற்றி நான் சொல்வதா என்று தயக்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் தோலைப் பற்றிச் சொல்கிறேன். மாட்டு மேல்தோலின் வெளிப்பக்கம் செத்த அடுக்கு என்றேன் இல்லையா, மீனுக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை, வெளிப்பக்கம் வரை உயிருள்ள செல்கள். நடுநடுவே கோழை சுரக்கும் செல்கள். அந்தக் கோழைதான் வழுவழுப்பு, கிருமி தோலில் ஒட்டாமல் வழித்துக்கொண்டு போகும், தண்ணீரின் உராய்வைக் குறைக்கும். ஆக வழுவழுப்பு உயிரோடிருந்த மீனின் சொத்து. புது மீனில் அது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், கலங்கி, மஞ்சளித்து, பிசுபிசுத்து நாறினால்தான் பழையது.

சாளையின் செதில் முளைப்பது உள்தோலிலிருந்து, அதற்கு மேலேயும் மெல்லிய மேல்தோல் மூடியிருக்கும். வாளைக்குச் செதில் இல்லை, அந்த வெள்ளி மினுக்கம் தோலிலுள்ள குவானின் என்ற பொருளின் படிகத்தால் வருவது, கையில் ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். சுறாவின் சொரசொரப்பு ஒவ்வொன்றும் அமைப்பில் ஒரு குட்டிப் பல், உள்ளே கூழ், சுற்றிலும் பல் திசு, மேலே எனாமல் போன்ற பூச்சு, எல்லாம் வால் பக்கம் சாய்ந்து நிற்கும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் கை கீறும். சுறாப்புட்டுக்கு வேகவைத்த பிறகு நாம் உரசி எடுக்கிற மணல் இந்தப் பற்கள்தான்.

கெளுத்தி, திருக்கை முள்ளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வலை எடுக்கிறவர்கள் வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும். அந்த முள்ளை மூடிய தோலில் விஷச் சுரப்பிச் செல்கள் இருக்கின்றன, முள் குத்தும்போது தோல் கிழிந்து விஷம் காயத்தில் இறங்கும். அது சூட்டுக்குக் கெட்டுப்போகிற புரதம், ஆகவே தாங்கக்கூடிய வெந்நீரில் (குத்தாத கையை விட்டுப் பார்த்து, பொசுக்காத சூட்டில்) அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காயத்தை முக்கி வையுங்கள், வலி நன்றாகக் குறையும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், முள் துண்டு உள்ளே இருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். திருக்கை முள் நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் வெந்நீருக்கெல்லாம் காத்திருக்காதீர்கள், முள்ளைப் பிடுங்காமல் அப்படியே கொண்டு போங்கள்.

தேரூர் குளத்தில் வாத்து முங்கி எழுந்தாலும் நனைவதில்லையே?
– ஒரு வாசகர், சுசீந்திரம்

பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வால் அடியில் முதுகுப் பக்கமாக ஓர் எண்ணெய்ச் சுரப்பி, நீர்ப்பறவைகளுக்கு அது பெரியது. அலகால் அந்த எண்ணெயைத் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் தடவும், இறகு நொறுங்காமலும் ஒட்டும் இழை பிரியாமலும் இருக்கும், அந்த இழைகளின் நெருக்கமும் எண்ணெயும் சேர்ந்து தண்ணீரை உள்ளே விடாது. கோழி சுத்தம் செய்யும்போது வால் பக்கம் மஞ்சளாக ஒரு மொட்டை அறுத்து எறிவோமே, அதே சுரப்பிதான்.

எங்கள் வாழைத் தோட்டத்தில் நீளமான பாம்புச் சட்டை கிடந்தது. பாம்புக்கு வியர்க்குமா? சட்டையில் விஷம் இருக்குமா? நான் ஒன்பதாம் வகுப்பு.
– ஒரு மாணவன், பூதப்பாண்டி

வியர்க்காது மக்கா. பாம்பின் தோலில் சுரப்பி மிகவும் குறைவு, உடம்பின் ஈரம் வெளியே போகாமல் காப்பதுதான் அதன் தோலுக்கு முக்கிய வேலை. சட்டையில் விஷமும் இல்லை, விஷச் சுரப்பி தலையில் இருக்கிறது, உமிழ்நீர்ச் சுரப்பி மாறி வந்தது அது. மேல்தோலின் வெளி அடுக்கு வளராது, பாம்பு வளரும், ஆகவே அடியில் புது அடுக்கு தயாரானதும் இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் சேர்ந்து பழையது பிரியும். அந்தச் சில நாள் கண் பால் போல மங்கியிருக்கும், அப்போது பாம்புக்குப் பார்வை சரியாக இருக்காது. பிறகு உதட்டை எதிலாவது உரசி, உள்பக்கம் வெளியே வர உரித்துக்கொண்டு போய்விடும். சட்டை கிழியாமல் இருந்தால் தலைப் பக்கம் பார், கண்ணை மூடியிருந்த கண்ணாடிச் சில்லுகூட இருக்கும். நிறம் பெரும்பாலும் உள்தோலில் தங்கிவிடுவதால் சட்டை வெளிறித்தான் கிடக்கும். இன்னொன்று, செதிலுக்கு நடுவே மடிந்திருந்த தோலும் விரிவதால் சட்டை பாம்பைவிட நீளமாக இருக்கும், அதை அளந்து பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் பாம்பு அங்கே வருகிறது என்பது உண்மை, தோட்டத்துக்குப் போகும்போது டார்ச்சும் செருப்பும் வேண்டும்.

தோலிலேயே விஷம் உள்ளது தேரைக்கு. கண்ணுக்குப் பின்னால் வீங்கினாற்போல் இரண்டு திட்டு, முதுகெல்லாம் மரு போல, எல்லாமே சுரப்பிகள். நாய் கவ்வினால் நுரை தள்ளும். நீ தொட்டால் மரு வராது, நமக்கு மரு வருவது வைரஸால், தொட்ட கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடு, அவ்வளவுதான்.

பால் சுரப்பியும் தோல் சுரப்பிதான் என்று டீச்சர் சொன்னார்கள். நம்ப முடியவில்லை.
– ஒரு மாணவி, தக்கலை

டீச்சர் சொன்னது சரி. கரு வளரும்போது வயிற்றுப் பக்கம் மேல்தோல் இரண்டு கோடாகத் தடித்து, அங்கங்கே உள்நோக்கி வளர்ந்து மடியாகிறது. வியர்வைச் சுரப்பி போன்ற ஒன்றிலிருந்துதான் இது வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிளாட்டிபஸ் என்று ஒரு பிராணி, அதற்குக் காம்பே கிடையாது, பால் தோலில் கசிந்து மயிரில் ஊறும், குட்டி அதைத்தான் குடிக்கும். பசுவின் மடியில் நான்கு பகுதிகள், ஒன்றின் பால் அடுத்ததற்குப் போகாது. ஒரு லிட்டர் பாலுக்கு 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். காலையில் டீக்கு ஊற்றும்போது ஒரு தடவை நினைத்துப் பார்.

கிடா பக்கத்தில் போனாலே வீச்சம். குளிப்பாட்டினால் போகுமா?
– ஒரு வாசகர், தோவாளை

போகாது. கொம்புக்குப் பின்னால் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன, போதாததற்குத் தாடியிலும் முன்காலிலும் தானே சிறுநீரை அடித்துக்கொள்ளும். அந்த வாடை பெட்டை ஆட்டைச் சினைக்குத் தூண்டும், அதற்காகவே இருக்கிற வாடை. கிடாவையும் கறவை ஆட்டையும் ஒரே கொட்டிலில் கட்டாதீர்கள், பாலில் வாடை ஏறிவிடும். இனப்பெருக்கத்துக்கு வேண்டாத கிடா என்றால் குட்டியிலேயே கால்நடை மருத்துவமனையில் காயடித்துவிடுங்கள், வளர்ந்தபின் இவ்வளவு வீச்சம் இருக்காது.