ஃபோம் ஏர் ஃபில்டரைக் கழுவிய பிறகு ஆயில் போடத்தான் வேண்டுமா?

ஃபோம் ஏர் ஃபில்டர் என்பது சின்ன என்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் பஞ்சு போன்ற துண்டு. அதற்குப் பெரும்பாலும் கட்டாயம் ஆயில் போட வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆயில் போட்டு மாட்டினால் புகை வருகிறது, அதனால் காயவைத்து அப்படியே மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் புகைக்குக் காரணம், போட்ட ஆயிலைச் சரியாகப் பிழியாமல் விட்டதுதான்.

ஃபோமில் இருக்கும் துளைகள் நுண்தூசியைவிடப் பெரியவை. காய்ந்த ஃபோம் புல் துணுக்கையும் பஞ்சையும் நிறுத்தும். மாவு போன்ற தூசியை உள்ளே விட்டுவிடும். ஆயில் பூசியிருந்தால், காற்று அந்தத் துளைகளுக்குள் வளைந்து வளைந்து போகும்போது தூசி பக்கச்சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். உண்மையில் வடிகட்டுவது ஆயில்தான், ஃபோம் அதைத் தாங்கி நிற்கிறது. உள்ளே போகும் மண் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேயும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறையும், என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். ஒரு சின்ன ஃபோம் துண்டைக் கவனிக்காததால் நல்ல என்ஜின் வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது.

மூடியைத் திறப்பதற்கு முன்பே சுற்றிலும் துடைத்துவிடுங்கள். ஃபில்டரை எடுத்ததும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, அழுக்கு நீர் வருவது நிற்கும்வரை அமுக்கி அமுக்கி அலசுங்கள். முறுக்கக் கூடாது, கிழிந்துவிடும். பெட்ரோலில் கழுவும் பழக்கம் பலருக்கு இருக்கிறது; தயவுசெய்து வேண்டாம். தீ ஆபத்து ஒருபுறம், ஃபோமின் ஒட்டு விட்டுப்போவது இன்னொருபுறம். அப்புறம் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருக்கும் இடத்தில் ஆயில் பிடிக்காது.

ஆயில் போடுவதற்கு எனக்குப் பிடித்த வழி பிளாஸ்டிக் பைதான். ஃபோமைப் பைக்குள் போட்டு, சுத்தமான என்ஜின் ஆயில் கொஞ்சம் விட்டு, வெளியிலிருந்தே பிசையுங்கள். எல்லா இடமும் ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். வெளிறிய திட்டு தெரிந்தால் அங்கே ஆயில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பிறகு காய்ந்த துணியில் சுற்றி அழுத்திப் பிழியுங்கள். தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், சொட்டக் கூடாது. மிச்ச ஆயில் இருந்தால் என்ஜின் அதை இழுத்துப் புகை விடும். காற்றும் அடைபட்டு ஸ்பார்க் பிளக் கறுக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால், பொதுவாக 25 முதல் 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை. புழுதியில் ஓட்டினால் தினமும் திறந்து பாருங்கள். ஃபில்டருக்குப் பின்னால், கார்புரேட்டர் பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் ஃபோமோ அதன் விளிம்போ சரியாக உட்காரவில்லை. பல மாதம் ஓட்டாமல் வைத்திருந்தால் ஆயில் கீழே இறங்கியிருக்கும், மறுபடி பிசைந்து விடுங்கள். விரலில் பொடிப்பொடியாக உதிரும் ஃபோமைக் கழுவிப் பயனில்லை, புதிது வாங்குங்கள். உதிர்ந்த துகள் கார்புரேட்டருக்குள் போய்விடும்.

இனி அந்த விதிவிலக்கு. சில என்ஜின்களில் காகித ஃபில்டருக்கு மேல் உறை மாதிரி ஃபோம் இருக்கும். அதில் ஆயில் போட்டால் காகிதம் அதை உறிஞ்சி அடைத்துக்கொள்ளலாம். அந்த உறைக்கு ஆயில் தேவையா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். காகிதத்துக்கு மட்டும் எந்த என்ஜினிலும் ஆயில் கூடாது.