பதில்: சாக்கடைக்குத் தோண்டிய தெருவில் அப்படியே தார் போடலாமா?

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில உங்க தெருவுல பாதாளச் சாக்கடைக் குழாய் பதிச்ச பள்ளம் உள்வாங்குது, அதுமேலயே தார் போட வாராங்கன்னு எழுதியிருக்கீக. மண்ணை ஒரேயடியாத் தள்ளி மூடினா அப்படித்தான் இறங்கும். 20 செ.மீ. அடுக்கடுக்காப் போட்டு, தண்ணி விட்டு, இடிச்சு இறுக்கியிருக்கணும். ஒரு கம்பியை ஒரு அடி குத்திப் பாருங்க. சுலபமா இறங்குச்சுன்னா தார் போட இன்னும் காலம் வரல. வீட்டு இணைப்பும் முதல்லயே முடியணும், இல்லேன்னா புது ரோட்டை மறுபடி வெட்டுவாங்க (அதுக்கு மட்டும் ஆள் உடனே வரும்).

பழைய தாரைச் சுரண்டாம மேலே போட்டா வாசப்படி தாழ்ந்து, ஐப்பசி மழை நேரா நடுவீட்டுக்குத்தான். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, இந்த ரோட்டு வேலையோட மதிப்பீட்டு நகல் கேளுங்க. அதுல 'மில்லிங்' (பழைய தாரைச் சுரண்டி எடுக்கிற வேலை) இருக்கான்னு பாருங்க. பதிலுக்கு 30 நாள் ஆகலாம். அதுக்குள்ள வாசப்படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை டேப் வச்சுப் போட்டோ எடுத்து, மனுவோட உதவிப் பொறியாளர்கிட்ட கொடுத்து ஒப்புகை வாங்கிருங்க.