வாந்தி எடுத்தால் ஊசி முதலில், ஆஸ்பத்திரி அப்புறம்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு (சி.ஏ.ஹெச்., உப்பு இழக்கும் வகை). தினமும் மூன்று வேளை ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறோம். ஸ்டீராய்டு வளர்ச்சியைத் தடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து மதிய வேளையைப் பாதியாக்கிவிட்டேன். விரல் முட்டிகள் கறுத்து வருகின்றன, மருந்தின் பக்கவிளைவா? தடுப்பூசி போடலாமா? போன மாதம் வாந்தியோடு அவசரப் பிரிவுக்குப் போனோம். ஊசி போடச் சொன்னேன். 'நெட்டில் படித்துவிட்டு வந்தீர்களா' என்று கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள். குழந்தை துவண்ட பிறகுதான் ஓடி வந்தார்கள். மறுபடி அப்படி நடந்தால் என்ன செய்வேன், டாக்டர்?

பதில்: அந்த அறையில் நீங்கள் கேட்டது சரி. உங்களை உட்கார வைத்தது தவறு. இந்தக் குறைபாடு உலக அளவில் சுமார் 15,000 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் வருகிறது. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இப்படியொரு குழந்தையை அதுவரை பார்த்தே இருக்கமாட்டார். அவருக்குத் தெரிந்தது வயிற்றுக் கிருமியும் வாந்தியும். அது காரணமே தவிர, நியாயம் ஆகாது.

ஆகவே அடுத்த முறை உங்கள் மகளின் உயிர் யாரோ ஒருவர் உங்களை நம்புவதைப் பொறுத்து இருக்கக் கூடாது. ஊசி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் சோடியம் சக்சினேட் (அவள் உடம்பில் சுரக்காத கார்டிசால் ஹார்மோனின் ஊசி வடிவம்), நான்கு வயதுக்கு 50 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். மருந்துச்சீட்டு கேளுங்கள். நர்ஸ் முன்னால் உட்கார்ந்து, மருந்தைக் கலக்கி ஊசியில் ஏற்றும் வரை கை நடுங்காமல் வரும்படி பழகுங்கள். அவள் அப்பாவும் பழகட்டும்.

எப்போது போடுவது? மாத்திரை கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒரு வேளை கொடுங்கள். அதையும் வாந்தி எடுத்தால் இனி வாய் வழி இல்லை, ஊசிதான். அவள் சோர்ந்து கண் செருகினாலோ, கைகால் சில்லிட்டு வியர்த்தாலோ, எழுப்பினால் சரியாக எழாவிட்டாலோ வாந்தியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே போடுங்கள். போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சந்தேகத்தில் போட்ட ஒரு ஊசியால் கெடுதல் வராது. போடாமல் காத்திருந்தால் சர்க்கரை இறங்கும், சோடியம் இறங்கும், ரத்த அழுத்தம் விழும். இதைத்தான் அட்ரீனல் கிரைசிஸ் என்கிறோம். அது சில மணி நேரத்துக்குள் நடந்துவிடும்.

அங்கே போனதும் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லாதீர்கள். முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "என் மகளுக்கு கார்டிசால் சுரக்காது, இது அட்ரீனல் கிரைசிஸ், இத்தனை மணிக்கு ஊசி போட்டேன், இப்போது சலைனும் குளுக்கோஸும் வேண்டும்." உங்கள் ஹார்மோன் மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தை நீட்டுங்கள். தாய் சொல்வதைத் தட்டிக்கழிப்பவர்கூடச் சக மருத்துவரின் கடிதத்தைப் படிப்பார். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று சொல்லக்கூடும்; முடிவு வருவதற்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே முன்கூட்டி எழுதி வாங்கி வைத்திருங்கள்.

இனி அந்த வீடியோ. எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் பாதி, அதை எடுத்தவர் மேல் மீதி. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ அதிக அளவில் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு. உங்கள் மகளுக்குக் கொடுப்பது அவள் உடம்பு தானே சுரந்திருக்க வேண்டியது. அளவு கூடினால் வளர்ச்சி குறையும், உண்மைதான். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் உயரத்தை அளக்கிறோம். ஆனால் இந்த நோயில் அளவு குறைந்தாலும் உயரம் போய்விடும். ஆண் ஹார்மோன் பெருகி எலும்பு சீக்கிரம் முதிர்ந்துவிடும். இப்போது வேகமாக வளர்வது போலத் தெரிந்து, பிறகு குள்ளமாக நின்றுவிடுவாள். விரல் முட்டி கறுக்கிறது என்கிறீர்களே, மருந்து போதவில்லை என்று அவள் உடம்பு உங்களுக்குச் சொல்வதாகவே நான் அதைப் பார்க்கிறேன். பக்கவிளைவாக இருந்தால் மருந்தைக் குறைத்த பிறகா கறுக்கும்?

தடுப்பூசி எல்லாம் போடலாம். காய்ச்சல் வந்தால் உங்கள் மருத்துவர் எழுதித் தந்த காய்ச்சல் கால அளவு; பொதுவாக 38 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இரண்டு மடங்கு, 39 தாண்டினால் மூன்று மடங்கு. இரண்டு மூன்று நாள் கூட்டிக் கொடுப்பதால் வளர்ச்சி நிற்காது.

மதிய மருந்து இன்றிலிருந்தே முழு அளவு. இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். குறைத்ததை மறைக்காமல், எத்தனை நாள் குறைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் ரத்த முடிவைப் பார்த்து அவர் தேவையில்லாமல் அளவைக் கூட்டிவிடுவார்.