செப்சிஸ் வந்தா சுகர் ஏன் ஏறுது? நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

ரங்கூன்ல ஐசியுல வேலை பாக்குறவன் நான். செப்சிஸ் பத்தி, அதாவது கிருமி தொத்தும்போது உடம்பு தாறுமாறா எதிர்த்து தன் உறுப்புகளையே கெடுத்துக்குற ஆபத்தான நிலை பத்தி, கேளுங்கன்னு சொன்னதுக்கு நிறைய வந்துச்சு, ஒரே மாதிரி இருந்ததை சேத்துட்டேன்.

தட்டோன் அக்கா: தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு சுகரே கிடையாது. கால் புண்ணு சீழ் வெச்சு செப்சிஸ்னு சேத்தப்ப சுகர் 280ன்னாங்க, எப்படி?

அக்கா, அது உடம்பு பண்ற அவசர ஏற்பாடு. அட்ரினலின், கார்டிசால்னு ரெண்டு ஹார்மோனும் ஏறும், கல்லீரல் இருக்குற சர்க்கரையை அள்ளி ரத்தத்துல விடும், தசை இன்சுலின் பேச்சை கேக்காது, ஏன்னா கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணுவுக்கு சர்க்கரைதான் சாப்பாடு. 2001ல பெல்ஜியத்துல, ஐசியு நோயாளிக்கு இன்சுலின் போட்டு சுகரை 80-110க்குள்ள அடக்குனா சாவு குறையுதுன்னு சொன்னாங்க, உலகமே அது பின்னாடி ஓடுச்சு. 2009ல நைஸ்-சுகர்னு ஒரு ஆய்வு, 6,000 பேருக்கு மேல, அதுல இறுக்கிப் புடிச்ச பக்கம்தான் சாவு அதிகம். இப்ப 180 தாண்டாம பாத்துக்குறோம், அவ்வளவுதான். ஆனா மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க, தெரியாமலே சுகர் இருந்திருக்கலாம்.

மோல்மீன்ல நர்சிங் படிக்கிற பொண்ணு: சார், ரத்தத்துல லாக்டேட், அதான் செல்லு சர்க்கரையை உடைக்கும்போது வர்ற கழிவு, ஏறினா ஆக்சிஜன் பத்தலன்னுதானே அர்த்தம்?

பாதிதாம்மா. ஆக்சிஜன் இருந்தாலும் அட்ரினலின் முடுக்கிவிட்டா செல்லு சர்க்கரையை வேகமா உடைக்கும், லாக்டேட் குவியும், கல்லீரல் சோந்து போயிருந்தா அதை கழிக்கவும் முடியாது. அந்த நம்பரை இறக்குறதுக்காக பாட்டில் பாட்டிலா சலைன் ஏத்தாதே. விரல் நுனியை கண்ணாடி ஸ்லைடால வெள்ளையாகுற வரைக்கும் அழுத்தி 10 செகண்ட் புடிச்சு விடு, சிவப்பு திரும்ப 3 செகண்டுக்கு மேல ஆச்சுன்னா ரத்த ஓட்டம் சரியில்ல. 2019ல வந்த ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வுல லாக்டேட் பாத்து வைத்தியம் பண்ணதை விட இது ஒண்ணும் குறைஞ்சு போகல. கரண்ட் போன ராத்திரி செல்போன் லைட்டுல இதைத்தான் பாக்குறேன்.

பீகூ அண்ணன்: லங்கணம் பரம ஔஷதம், பட்டினிதான் பெரிய மருந்துன்னு பெரியவங்க சொன்னது செப்சிஸுக்கும் சரியா?

நல்ல கேள்வி அண்ணே, எனக்கு ரொம்ப புடிச்சது. 2016ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல எலிக்கு பாத்தாங்க. பாக்டீரியா தொத்துன எலிக்கு வலுக்கட்டாயமா சர்க்கரை ஊட்டுனா செத்துச்சு, வைரஸ் தொத்துன எலிக்கு ஊட்டுனா பொழச்சுது. பெரியவங்க சொன்னது பாதி சரி. ஆனா மனுஷன் படுத்தா கதை வேற, 2013ல லண்டன்ல ஐசியு நோயாளிங்களை ஸ்கேன்ல அளந்தப்ப பத்தே நாள்ல தொடைத் தசை கிட்டத்தட்ட 18 சதம் கரைஞ்சிருந்துச்சு. சரி, புரதத்தை கூட்டிக் குடுப்போம்னு 2023ல பெரிய ஆய்வு பண்ணாங்க, பிரயோஜனம் இல்ல. எந்த நாள்ல, யாருக்கு, எவ்வளவு ஊட்டுறது, இதைத்தான் மொதல்ல ஆராயணும்பேன். பசிக்காதது உடம்பு தன்னைக் காப்பாத்திக்கிறதா, இல்ல நோயோட கெடுதலா? அதைப் பிரிக்காம எதை திருத்துனாலும் குருடன் யானையை தடவுன கதைதான்.

விட்டமின் சி ஊசி போடலாமான்னு நாலு பேர்

வேணாம். 2022ல லோவிட் ஆய்வுல போட்டவங்க நிலைமை இன்னும் மோசம்.

உங்க கையில ஆராய்ச்சிக்கு காசு குடுத்தா?

நம்ம மண்ணுல இருக்குற கிருமிக்குத்தான் செலவு பண்ணுவேன். மெலியாய்டோசிஸ்னு மண்ணுல, சேத்துல இருக்குற பாக்டீரியாவால வர்ற நோயை மொதல்ல கண்டுபுடிச்சதே இந்த ரங்கூன்லதான், 1911ல, விட்மோர்னு வெள்ளைக்கார டாக்டரும் அவர்கூட கிருஷ்ணசாமியும். சேறு, மழை, சுகர், மூணும் சேந்தா இது வரும், செப்சிஸாவும் மாறும். இதுல ஒரு வேடிக்கை, தாய்லாந்துல 2011ல பாத்தப்ப கிளிபென்கிளமைடுங்குற பழைய சுகர் மாத்திரை சாப்பிட்டவங்க கம்மியாத்தான் செத்தாங்க. சுகர் குறைஞ்சதாலயா, இல்ல அந்த மாத்திரை அழற்சியை தணிக்கிறதாலயா? அதை இங்கயே பாக்கணும். வெளியூர் செப்சிஸ் வைத்திய முறையை அப்படியே கொண்டுவந்தா என்னாகும்னு ஆப்பிரிக்காவுல ஜாம்பியாவுல பண்ண ஆய்வு 2017ல காட்டுச்சு, புத்தகப்படி சலைனும் மருந்தும் ஏத்துன பக்கம் 48 சதம் சாவு, வழக்கமான வைத்தியத்துல 33.

தட்டோன் அக்கா, மறந்துட்டேன், அவரு வயல்ல இறங்குறவரா? சீழ்ல எந்தக் கிருமின்னு வளத்துப் பாக்குற கல்சர் டெஸ்ட் பேப்பரைப் பாருங்க. இந்த மண்கிருமி வந்திருந்தா, புண்ணு ஆறிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க, ஊசி முடிஞ்சும் மூணு மாசமாவது போகணும்.